பதம் பார்த்தல்

இதுவா, இல்லாட்டி இதுக்கு முன்னம் தொட்டதா… ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன, விரல் உள்ளே இறங்கி மேலே வருவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத்தான் தெரியவில்லை. தட்டில் அடுக்கியிருந்த வட்டத் துண்டுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே பருமன், பார்வையில வித்தியாசம் இல்லக்கா, தொட்டாத்தான் விளங்கும் என்று அந்தப் பிள்ளை நிலானி சொல்லியிருந்தாள், அவசரமில்ல, கண்ணை மூடிக்கொண்டு பாருங்க, ஒரு கையால உங்கட மற்றப் பக்க மார்பை, மற்றக் கையால இதுகளை, எது கிட்டவா இருக்கோ அதைச் சொன்னாக் காணும். அஜந்தா கண்ணை மூடினாள். மூடின பிறகு இன்னும் மோசம், திறந்திருந்தால் விரல் எங்கே நிற்கிறது என்றாவது தெரியும், இப்போது அதுவும் இல்லை, கையுறை போட்டுக்கொண்டு இன்னொருத்தியின் சாமானைத் தடவுவது போல இருந்தது. மருந்து ஏற்றத் தொடங்கின நாளிலிருந்து இந்த விரல் நுனிகள் இப்படித்தான், முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு அதுவும் நின்றது, மருந்து முடிந்து மாதங்கள் ஆகியும் திரும்பவில்லை. மண்டூர் நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்தும்போது ஒரு தாளைத் திருப்புகிறாளா இரண்டு தாளைத் திருப்புகிறாளா என்று தெரியாமல் பக்க எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருப்புகிறவளிடம் வந்து மெதுமையைப் பற்றிக் கேட்கிறார்கள். இதைச் சொல்லியிருக்கலாம், வந்தவுடனேயே சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை? சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கும், ஐயோ அக்கா என்பாள், பிறகு அந்த ஐயோவுக்கு இவள் ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டி வரும்… 'இது,' என்று நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினாள்.

நிலானி துண்டுகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கி இன்னொருக்காப் பாருங்க என்றாள். இன்னொருக்காவும் நடுவில் இருந்ததையே எடுத்தாள், அது வேறு துண்டு என்று அந்தப் பிள்ளையின் புருவம் மட்டும் சொல்லியது. நல்ல பிள்ளை. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை, தலைமயிரை ஒரு பென்சிலால் செருகி முடிந்திருந்தாள், புளியந்தீவில்தான் வீடு என்று போன முறை வந்தபோது சொன்னாள். போன முறை அவள் வெளிச்சக் கோடு ஒன்றை மேலால் ஓடவிட்டு மிஞ்சியிருந்த மார்பின் உருவத்தைக் கணினிக்குள் எடுத்தாள், எடுத்து இடம் வலமாகத் திருப்பிக் காட்டினாள், சாம்பல் நிறத்தில் அது திரையில் சுழன்றது, சின்னக் குன்று மாதிரி, அஜந்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெட்கப்பட வேண்டுமே என்று நினைத்தாள், வெட்கம் வரவில்லை. ஒன்றும் வருவதில்லை. சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பக்கத்துக் கட்டில்காரியும் அழுதாள், இவள் விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மயிர் கொட்டினபோது ஈர்க்குவிளக்குமாறால் முற்றம் கூட்டுவது போல அதையும் தானே கூட்டி அள்ளினாள். கமக்கட்டுக் குழியிலிருந்து கையின் உட்புறம் வரைக்கும் தோல் செத்துக் கிடக்கிறது, குளித்துவிட்டு வந்து சீப்புப் பல்லால் கீறிக் கீறி எந்த இடத்தில் உணர்ச்சி தொடங்குகிறது என்று பார்ப்பாள், ஒரு நாள் கொஞ்சம் மேலே இருக்கும், ஒரு நாள் கீழே. நரம்பு திரும்ப வளரும் என்று தாதி சொன்னா, வளராட்டியும் பழகிடும் என்று அவவே சொன்னா.

சட்டைக்குள் வைக்க இதுவரைக்கும் தானே தைத்த துணிப்பைதான், உள்ளே இலவம் பஞ்சு, அது நடக்க நடக்க மேலே ஏறும், வேர்த்தால் ஒரு பக்கம் ஒதுங்கும், நூலகத்தில் பேப்பர் பார்க்க வருகிறவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்த இடத்தைப் பற்றி மருத்துவமனையில்தான் யாரோ சொன்னார்கள், முன்பு ரியூசன் வகுப்பு நடந்த மாடியாம், இப்போது ஏதோ திட்டத்தில் இந்த மெசினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அது நின்றது, பெரிய சத்தம் இல்லை, உள்ளே ஊசி போன்ற ஒன்று அங்குமிங்கும் ஓடும். மற்ற மெசினெல்லாம் உருவத்தை மட்டும்தான் செய்யும் அக்கா, எந்தப் பொருளைப் போடுறமோ அதின்ட குணம்தான் கடைசி வரைக்கும், இது உருவத்தைச் செய்துகொண்டே குணத்தையும் சொல்லிக் குடுக்கும், ஒவ்வொரு துளிக்கும் தனித்தனியா, நீ இறுகி இரு, நீ இளகி இரு, நீ உடம்புச் சூடு பட்டா மட்டும் இளகு, குனிஞ்சா முன்னுக்குச் சரி, மல்லாந்து படுத்தாப் பக்கவாட்டுக்கு வழி… நிலானி இதைச் சொல்லும்போது கைகளால் பிசைந்து காட்டினாள். தட்டையாக, அப்பளம் மாதிரி ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துப் பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரை ஊற்றினாள், அது மெல்ல ஓரம் சுருண்டு எழும்பிக் குடுவையாக நின்றது, யாரும் தொடவில்லை, அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது, சூடு பட்டால் நீ குடுவை என்று. மேசையில் இன்னும் இருந்தன, சர்க்கரை வருத்தக்காரருக்குச் செய்த செருப்பின் அடித்தட்டு, குதிப்பக்கம் இறுக்கம், புண் இருக்கிற இடத்தில் மட்டும் பஞ்சு. கை விறைத்துப்போன ஒரு மீன்காரருக்குச் செய்த உறை, தண்ணீரில் நனைந்தால் அது இறுகித் துடுப்பைப் பிடிக்கும், கரைக்கு வந்து காய்ந்தால் விடும். செய்து முடிச்ச பிறகும் மாத்தலாம் அக்கா, பிடிக்காட்டிக் கொண்டு வாங்க, திரும்பவும் சூடாக்கி வேற மாதிரிச் சொல்லிக் குடுப்பம். எவ்வளவு லேசாகச் சொல்கிறாள்.

அளந்து பார்க்கவும் கருவி இருக்கிறதாம், அமத்தினால் எண் காட்டும், ஆனால் எண்ணின்படி செய்து கொடுத்தால் எல்லோரும் திரும்பக் கொண்டுவருகிறார்களாம், இது என்ட இல்ல என்று. அதால கையிட்டயே கேக்கிறம் என்றாள் நிலானி. கையிடம் கேட்டுப் பயனில்லை என்று இப்போது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும், அஜந்தா மூன்றாந்தரமும் நடுவில் இருந்ததைக் காட்டினாள். நிலானி துண்டுகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, வெளியில இருக்கிற அண்ணாவைக் கூப்பிடட்டா அக்கா, சிலநேரம் அவங்களுக்கு நல்லாத் தெரியும் என்றாள், சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. சட்டையைப் போட்டு, ஊசியைக் குத்திக்கொள்ள முயன்றாள், ஊசி விரலில் நிற்கவில்லை, நிலானியே குத்திவிட்டாள். கதவுக்கு வெளியே மர வாங்கில் புருசன் ஜெயரூபன் இருப்பார், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, காலையில் மண்டூர்த் துறையிலிருந்து இங்கே வந்து சேரும்வரை மூன்று இடத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, கை நோகுதா, தண்ணி குடிக்கிறியா என்று கேட்ட மனுசன். இந்த ஒரு வருசமாக அவர்தான் சமைக்கிறார், அவர்தான் உடுப்புத் தோய்க்கிறார், விதைப்பு நேரம் வயல்வட்டைக்குப் போகாமல் வெள்ளாமையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார், இரவில் தெரியாமல் கை பட்டுவிடும் என்று வீட்டு மண்டபத்தில் பாய் போட்டுப் படுக்கிறார். இப்படி ஒரு புருசன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கணும் என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், நினைக்கிறாளா, நினைக்க வேண்டும் என்று நினைக்கிறாள்…

உள்ளே வந்தவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மெசினைப் பார்த்தார். நிலானி விசயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னாள், பதம் பாக்கிறது மாதிரித்தான் அண்ணா, மா குழைக்கிறதில்லையா, அதுபோல, நினைவில இருக்கிறதுக்குக் கிட்டவா எது எண்டு. அவருடைய காது மடல் சிவந்தது. ஹெல்மெட்டைக் கதிரையில் வைத்து, கையைச் சாரத்தில் துடைப்பவர் போல காற்சட்டையில் துடைத்து, முதல் துண்டைப் பெருவிரலால் அமத்தினார், அடுத்ததை, அதற்கடுத்ததை. அஜந்தா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நகக்கண்ணில் கறுப்பு, வரம்பு கட்டிக் கட்டித் தடித்துப்போன தோல், அந்தத் தோலுக்கு என்ன தெரியப்போகிறது. ஆனால் அவர் கண்ணை மூடின பிறகு கை வேறு மாதிரி ஆனது, தயங்கவில்லை, ஒன்றை விலக்கியது, ஒன்றுக்குத் திரும்பி வந்தது, அதிலேயே நின்றது. 'இதுதான்' என்றார். நிலானி சந்தோசப்பட்டாள், ஒரே பதமா வைக்கவேணும் எண்டில்லை அண்ணா, மேல் பக்கம் கீழ் பக்கம் வித்தியாசம் இருந்தாச் சொல்லுங்க, அதையும் குறிக்கலாம் என்று கணினிப் பக்கம் திரும்பினாள். கண் மூடினபடியே அவர் பெருவிரலைத் துண்டின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

'கீழ கொஞ்சம் பாரம். வெளிப்பக்கம், கமக்கட்டுப் பக்கமா, உள்ளுக்கு ஒரு இடம் மட்டும் இறுக்கமா இருக்கும். மஞ்சாடி விதை அளவு.'

நிலானி திரையில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள், இதிலயா, இன்னும் கொஞ்சம் மேலயா என்று கேட்டாள், சின்னப் பிள்ளை, அவளுக்கு அது ஒரு குறிப்பு, மேலே ஒரு பதம், கீழே ஒரு பதம், இங்கே ஒரு புள்ளி. மஞ்சாடி விதை. அஜந்தா அந்தச் சொல்லைத் தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கிணற்றடியில் அவள் கையில் முதன்முதலாக அது தட்டுப்பட்டபோது கொட்டைப்பாக்கு அளவு இருந்தது, டொக்டரிடமும் அப்படித்தான் சொன்னாள், பாக்கு மாதிரி ஒண்டு டொக்டர் என்று, அவள் அறிந்த நாள் முதல் அது பாக்குத்தான், அவளுக்கு அது ஒரு நாளும் மஞ்சாடி விதையாக இருந்ததே இல்லை. அப்படியென்றால்… ஜெயரூபன் கண்ணைத் திறந்தார். பெருவிரல் துண்டின் மேல் அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை, நிலானியையும் பார்க்கவில்லை, திரையில் இருந்த புள்ளியைப் பார்த்தார், சொன்ன சொல்லை அங்கே கண்டவர் போல. இருந்த மாதிரியே வைக்கட்டா அக்கா, சில பேர் மச்சத்தைக்கூடக் கேட்டு வைக்கிறவங்க, இல்லாட்டி அந்த இடத்தை மற்றது மாதிரியே இளக்கமா விடட்டா என்று நிலானி கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவள் தான் என்று அஜந்தாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. வேண்டாம் என்று ஒரு சொல், அல்லது வையுங்க என்று ஒரு சொல். இரண்டும் நாக்கில் ஒரே பாரமாக இருந்தன. 'உங்கட விருப்பம், தங்கச்சி' என்றாள். என்ட விருப்பம் என்ன அக்கா என்று நிலானி சிரித்தாள், ஏதோ தட்டினாள், கனநேரம் எடுக்காது, வெளியில காத்து வாங்கிட்டு மத்தியானத்துக்குப் பிறகு வாங்க என்றாள். மெசினுக்குள் ஊசி ஓடத் தொடங்கியது.

வாவிக்கரையில் மரத்தடி வாங்கில் இருந்தார்கள். கச்சான் காற்று தண்ணீரைக் கரைக்கு எதிராகத் தள்ளிக்கொண்டிருந்தது, தூரத்தில் கல்லடிப் பாலத்தில் பஸ்கள் போயின, ஜெயரூபன் கடைக்குப் போய் இரண்டு பிளேன்ரீயும் றோல்ஸும் வாங்கி வந்து வாங்கில் வைத்தார், அவள் பக்கத்துக் கோப்பையைக் கைபிடி அவளுக்கு வசதியாகத் திருப்பி வைத்தார். இப்படித்தான் எல்லாம் செய்வார். கடைசியாக அவர் அந்தப் பக்கத்தைத் தொட்டது எப்போது? அவளாக நினைத்துப் பார்த்தாள், நோய் தெரியவருவதற்கு நெடுநாள் முன்னமே அவர் கை இடப்பக்கம் வராமல் விட்டுவிட்டது, அப்போது அதை அவள் கவனித்திருந்தாள், வயது போயிட்டுது என்று நினைத்தாள், பிள்ளைகளும் பெரிசாகிவிட்டார்கள், இனி என்ன என்று நினைத்தாள், அதற்காக ஒரு புதுச் சோப்புக்கூட வாங்கினாள். டொக்டருடைய அறையில் அன்றைக்கு, கொஞ்சம் முந்தி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னபோது, சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இந்த மனுசன் திரும்பி, எவ்வளவு முந்தி டொக்டர் என்று கேட்டார். அது சொல்ல ஏலாது என்றார் டொக்டர். அந்த அறையில் யாரும் கேட்டதில் அது ஒன்றுதான் உருப்படியான கேள்வி என்று அன்றைக்கு அவள் நினைத்தாள், எவ்வளவு அக்கறை என்று. அக்கறைதான். எவ்வளவு முந்தி. அந்தக் கேள்விக்குள் என்ன இருந்ததென்று இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன, கோபம் வர வேண்டும், வர வேண்டிய இடத்தைச் சீப்பால் கீறுவது போலக் கீறிப் பார்த்தாள், அவர் மேல், மருந்து மேல், தன் மேல், எந்த இடத்திலும் எதுவும் தொடங்கவில்லை. தேநீர் சூடாக இருந்தது, அது நாக்குக்குத் தெரிந்தது.

'எப்ப கண்ட நீங்க?' என்று கேட்டாள்.

எதை என்று அவர் கேட்கவில்லை. 'வெள்ளத்துக்கு முந்தி. விதைச்சு முடிஞ்ச பிறகு.'

விதைச்சு முடிஞ்ச பிறகு. பிறகு வெள்ளம் வந்தது, வட்டை முழுக்கத் தண்ணீர் நின்றது, வடிந்தது, மிஞ்சின பயிர் குடலையாகிக் கதிராகிச் சூடடித்து நெல்லு வீட்டுக்கு வந்தது, சித்திரைக்குப் பலகாரம் சுட்டார்கள், மகள் சோதனை எழுதினாள், அதற்கும் பிறகுதான் கிணற்றடி. அவ்வளவு காலமும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் நடந்து திரிந்திருக்கிறார்கள், ஒருத்தருக்குத் தெரியும், ஒருத்தருக்குத் தெரியாது, கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டிருக்கிறார், மழை வரும்போல கிடக்கு உடுப்பை எடு என்றிருக்கிறார். அவர் பேசத் தொடங்கினார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாக, அப்ப அது சின்னது, பொம்பிளைகளுக்கு அப்படி ஏதும் வந்து போறது எண்டு நினைச்ச, உனக்குத் தெரியும் எண்டு நினைச்ச, உன்ட உடம்புதானே, நான் கேட்டா நீ என்ன நினைப்பாயோ எண்டு… ஒருக்காக் கேக்க வந்த, அண்டைக்கு நீ தலையிடி எண்டு படுத்திட்டாய், மறுகா விட்டுப்போச்சு. விட்டுப்போச்சு. வாழைக்குத் தண்ணீர் விட மறந்ததைச் சொல்கிற குரல், அந்தக் குரலில் அழுகை ஒன்றும் இல்லை, அவருக்கும் செத்துப்போயிருக்கிறதோ, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும்? சமைத்ததும் தோய்த்ததும் மண்டபத்தில் பாய் போட்டதும் எல்லாம் அப்போது என்ன கணக்கு, அன்பா, இல்லை இதற்கான தண்டமா, இரண்டும் ஒரே கையால் செய்யப்பட்டால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, பார்வைக்கு வித்தியாசம் இல்லை. 'றோல்ஸ் ஆறுது' என்றார். அவள் எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடியும்வரை அவர் தன்னுடையதைத் தொடவில்லை, பிறகு அதைக் காகத்துக்குப் போட்டார்.

அவர்கள் மாடிக்குத் திரும்பினபோது வாங்கில் வேறொருத்தி இருந்தாள், தலைக்குத் துணி கட்டினவள், ஆரையம்பதிப் பக்கத்தாள் போல, அஜந்தாவைப் பார்த்து எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழும்பினாள். உள்ளே நிலானி அதைத் துணிப்பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள், தோலின் நிறத்துக்கு வெகு கிட்டவாக இருந்தது, இன்னும் லேசான சூடு, கையில் வாங்கினதும் அது சரிந்து உள்ளங்கைக்குத் தக்கதாக உட்கார்ந்தது. ஒருக்கா வைச்சுப் பாருங்க. கண்ணாடியில் சட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றது, குனிந்தாள், அதுவும் குனிந்தது, நிமிர்ந்தாள், யாரோ ஒருத்தியின் பழைய படத்தைப் பார்ப்பது போல இருந்தது, வடிவா இருக்கு அக்கா என்று நிலானி உண்மையான சந்தோசத்தோடு சொன்னாள், அந்தச் சந்தோசத்துக்காகவாவது சிரிக்க வேண்டும் என்று சிரித்தாள். கழற்றினபோது வெளிப்பக்கத்தை, கமக்கட்டுப் பக்கத்தை, பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையா, ஒன்றும் தெரியவில்லையா? இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் மேலே, நடுவிரலால், மற்றக் கையால்… எல்லா இடமும் ஒரே மௌனம். நிலானியிடம் கேட்டால் முடிந்தது, அந்தப் புள்ளியை விட்டீங்களா எடுத்தீங்களா தங்கச்சி, ஒரு வரிக் கேள்வி, ஆனால் அவள் ஏன் அக்கா என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அது அந்தப் பிள்ளையின் கணினிக்குள்ளும் போய் இருக்கும். வெளியே துணி கட்டினவள் இருமினாள். நிலானி அவசரமாக, இண்டைக்கு இது ஆறி இறுகட்டும் அக்கா, வெயில் படாமப் பைக்குள்ள கொண்டுபோங்க, நாளையில இருந்து போடுங்க என்று சொல்லி, துணிப்பைக்குள் இட்டு, அஜந்தாவின் கைப்பைக்குள் வைத்து, கதவு வரைக்கும் வந்தாள்.

வழி முழுக்கக் கைப்பை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது, அவருடைய முதுகுக்கும் அவளுடைய மார்புக்கும் இடையில், ஒரு பள்ளத்தில் மோட்டார்சைக்கிள் விழுந்து எழும்பினபோது பையை அணைத்துக்கொண்டாள், பிறகு ஏன் அணைத்தேன் என்று யோசித்தாள். குருமண்வெளித் துறையில் பாதைப் படகு இந்தப் பக்கம்தான் நின்றது. மோட்டார்சைக்கிள்களை ஏற்றி, ஆட்களை ஏற்றி, அந்தத் தட்டைப் படகு ஆற்றுக்குள் இறங்கியது, பின்னேர வெயில் தண்ணீரில் சரிந்து கண்ணைக் கூசவைத்தது, ஒரு ரீச்சர் போனில் யாருக்கோ பாடசாலைக் கதை சொல்லிக்கொண்டு நின்றார், இறால் பெட்டிக்காரர் பெட்டியின் மேலேயே இருந்து தூங்கினார். இவ்வளவு ஆட்களுக்கு நடுவில் கேட்கலாம் என்று தோன்றியது, வீட்டில் கேட்க ஏலாது, வீட்டில் மகள் இருப்பாள், மகள் தூங்கின பிறகு சுவர்கள் இருக்கும்.

'இஞ்சேருங்க,' என்று கைப்பையின் சிப்பை இழுத்துத் திறந்தாள். 'எனக்கு விரல் தெரியாது. பாத்துச் சொல்லுங்க, இருக்கா?'

எனக்கு விரல் தெரியாது என்பதை அவரிடமும் இதுவரை சொல்லவில்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஊசி குத்த முடியாமல் போனதை, தாள் இரண்டாகத் திரும்புவதை, ஒன்றையும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை, கேட்டாலும்… ஜெயரூபன் அவளை ஒரு முறை நேராகப் பார்த்தார், அன்றைக்கு முழுவதும் அதுதான் முதல் தரம். சுற்றிப் பார்த்தார். திறப்பைத் தேடுகிறவர் போலக் கையைப் பைக்குள் விட்டார், மணிக்கட்டு வரைக்கும், துணிப்பையின் நாடாவை உள்ளேயே அவிழ்ப்பது தெரிந்தது, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணை மூடவில்லை, ஆனால் எதையும் பார்க்கவுமில்லை. பையின் துணி மெதுவாக அசைந்தது, ஒரு இடத்தில் நின்றது, திரும்ப அசைந்தது, அதே இடத்துக்கு வந்தது. 

'இல்ல' என்றார்.

சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. பையின் துணி அந்த ஒரே இடத்தில் லேசாகப் புடைத்தபடி இருந்தது, பெருவிரல் அங்கேதான் நிற்கிறது, அல்லது வேறு விரலாகவும் இருக்கலாம், இல்லாத இடத்தில் எதற்கு ஒரு விரல் நிற்க வேண்டும், ஆனால் விரல் சும்மாவும் நிற்கும், களைத்திருக்கலாம். நிலானி எடுத்திருப்பாள். எடுக்காமலும் விட்டிருப்பாள். சீப்பால் கீறிப் பார்க்கலாம், கத்தரிக்கோலால் வெட்டிப் பார்க்கலாம், மகளுடைய கை, வேறு யாருடைய கையாவது… யாரிடம் கொண்டுபோய் இதைக் காட்டுவாள்? அவர் முகத்தைப் பார்த்தாள், அது அமைதியாக இருந்தது, பதினெட்டு வருசமாகப் பார்த்த முகம், விதைத்து முடித்து வெள்ளம் வரும்வரைக்கும், வெள்ளம் வடிந்து கதிர் வரும்வரைக்கும் அது இப்படியேதான் இருந்திருக்கும். இருக்கு என்று சொல்லுவார் என்று தான் காத்துக்கொண்டிருந்ததாக அவளுக்கு அப்போது பட்டது, அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்கூட ஒருக்கா இருக்கு என்று சொல்லியிருக்கலாம் என்று, சொல்லியிருந்தால் என்ன, சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? மோட்டார்சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக இயந்திரத்தை முடுக்கத் தொடங்கினார்கள், மண்டூர்க் கரை கிட்ட வந்துகொண்டிருந்தது, அவருடைய கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது, எடுங்க என்று அவளும் சொல்லவில்லை.